அக்ரிலிக் மீன் தொட்டியில் கீறலா? தூக்கிப் போட வேண்டாம்!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ''விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, பிளாட்டி, கோல்டு ஃபிஷ் வளர்த்து விற்கிறேன். வருகிறவர்கள் பார்ப்பதற்காக, முன் திண்ணையில் மூன்றடி நீளத்தில் ஓர் அக்ரிலிக் தொட்டி வைத்திருக்கிறேன். மூடப்போன ஒரு கடையிலிருந்து பழைய விலைக்கு வாங்கியது. ஆறே மாதத்தில் தொட்டி புகை பிடித்ததுபோல் மங்கிவிட்டது. பாசி எடுக்கக் கம்பி நாரைப் போட்டுத் தேய்த்ததில் உள்பக்கமும் கோடு கோடாகிவிட்டது. 'மீனுக்கு ஏதோ சீக்கு போலிருக்கு' என்று வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். புதுத் தொட்டி வாங்குவதுதான் வழி என்கிறார்கள். மகளிர் குழுக் கடனே இன்னும் முடியவில்லை. பொம்மைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், 'சூளைக்குப் போறதுக்கு முன்னாடி பொம்மையில இருக்கற அச்சுக்கோட்டைத் தேய்ச்சுத்தாம்மா எடுக்கறோம். இதையும் தேய்ச்சே எடுத்துடலாம்' என்கிறார். 'அது மண்ணுண்ணே, இது பிளாஸ்டிக் ஆச்சே' என்று எனக்குப் பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?''

- வாசகி, விருத்தாசலம்.

பதில்: அண்ணன் சொல்வது சரி. தங்கையின் பயமும் நியாயமானதே. அக்ரிலிக் கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம். ஆனால், மண் பொம்மையைத் தேய்க்கிற வேகத்தில் தேய்த்தால் தொட்டி இன்னும் மோசமாகும். அவசரத்தில் கண்ட திரவத்தை ஊற்றினாலோ, தொட்டியும் போகும், மீனும் போகும்.

முதலில் தொட்டி ஏன் மங்கியது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் சரிசெய்தால், அடுத்த ஆறு மாதத்தில் மறுபடியும் இதே கதைதான்.

அக்ரிலிக் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது ஒரு பிளாஸ்டிக். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய 5.5-ல் நிற்கும். அக்ரிலிக் சுமார் 3-தான். பீங்கான் செய்யக் களிமண்ணோடு கலக்கும் ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரண ஆற்று மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். கடினமான பொருள் மிருதுவான பொருளைக் கீறும், அவ்வளவுதான் கணக்கு.

செராமிக் கூடங்கள் நிறைந்த பகுதியில், திண்ணையில் இருக்கும் தொட்டியின் மேல் என்ன தூசு படியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடங்களே இல்லாத ஊரிலும் சாலைப் புழுதியில் மணல் இருக்கத்தான் செய்யும். அந்தத் தூசியைக் காலையில் காய்ந்த துணியால் 'பளிச்' என்று துடைக்கிறோமே, அது துடைப்பது அல்ல. குவார்ட்ஸ் பொடியை வைத்துத் தொட்டியைத் தேய்ப்பது. வாசகி எழுதியிருக்கும் 'புகை பிடித்தது போன்ற' மங்கலுக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஒரு நாளில் தெரியாது. ஆறு மாதம் தினமும் துடைத்தால் தெரியும். அக்கறையாகத் துடைப்பவர்களின் தொட்டிதான் சீக்கிரம் மங்கும் என்பது இதில் வேடிக்கை.

உள்பக்கக் கோடுகளுக்குக் கம்பி நார் மட்டும் காரணமாக இருக்காது. பாசி துடைக்கும் ஸ்பாஞ்சை அடிமணல் வரை இறக்கினால், ஒரு மணல் ஸ்பாஞ்சில் ஏறிக்கொள்ளும். பிறகு அது போகும் வழியெல்லாம் கோடு போடும். இரண்டு பக்கமும் காந்தம் வைத்துத் துடைக்கும் கருவியிலும் இதே ஆபத்து உண்டு.

மிருதுவாக இருப்பதால் ஒரு லாபமும் உண்டு. சீக்கிரம் கீறல் விழுகிற பொருள், சீக்கிரம் மழமழப்பாகவும் ஆகும். கண்ணாடியில் கையால் செய்ய முடியாத வேலையை அக்ரிலிக்கில் ஒரு மதியப் பொழுதில் செய்துவிடலாம். 1930-களில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரில் அக்ரிலிக் தகட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் விமான ஜன்னல்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். கீறல் விழுந்த விமான ஜன்னலை இன்றும் தேய்த்துப் பாலிஷ் போட்டே சரிசெய்கிறார்கள். திண்ணைத் தொட்டிக்கும் அதே வைத்தியம்தான்.

கீறலா, விரிசலா, உப்பா?

தொட்டியில் தெரியும் வெள்ளைத் தடம் எல்லாம் கீறல் அல்ல. போர் தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில், தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் உப்பு படிந்து வெள்ளையாகத் தெரியும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, அந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால் உப்பு இளகிவிடும். எலுமிச்சைச் சாறும் இதைச் செய்யும். உப்பைக் கீறல் என்று நினைத்துத் தேய்க்க ஆரம்பித்தால், இல்லாத கீறலை உண்டாக்கியதுபோல் ஆகிவிடும்.

அடுத்து விரிசல். இதில் கவனம் தப்பக் கூடாது. இருட்டிய பிறகு டார்ச் விளக்கைத் தொட்டியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கீறல் என்றால் மேல்தளத்தில் மட்டும் கோடாகத் தெரியும். விரிசல் என்றால் தகட்டின் உள்ளே, ஒரு வெள்ளித்தாளைச் செருகியதுபோல் மின்னும். தகடுகள் சேரும் ஓரத்தில் மின்னல், வெள்ளைக் குமிழி, ஈரக்கசிவு என்று எது தெரிந்தாலும், பாலிஷ் வேலையை மறந்துவிட்டு முதலில் தண்ணீரைப் பாதிக்கும் கீழே இறக்கி, மீன்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி நிறைந்தால் சுமார் 190 லிட்டர். அதாவது 190 கிலோ எடை, குழந்தைகள் விளையாடும் திண்ணையில் நிற்கிறது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டலின் நடுக்கூடத்தில் இருந்த பிரமாண்ட அக்ரிலிக் தொட்டி, 2022 டிசம்பர் 16 அன்று விடிகாலையில் வெடித்துச் சிதறியது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது. அதிலிருந்த 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. வீட்டுத் தொட்டி அந்த அளவு இல்லைதான். ஆனாலும், விரிசலை விரிசல் என்று தெரிந்துகொள்ளாமல் தேய்த்துக்கொண்டிருப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

உப்பும் இல்லை, விரிசலும் இல்லை என்று தெரிந்த பிறகு, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேலோட்டமான கீறல். மாட்டிக்கொண்டால் ஆழமானது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வெளிப்பக்கம்: மீன் இருக்கும்போதே செய்யலாம்

வெளிப்பக்க வேலைக்குத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால், மேல்வாயை பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவிட வேண்டும். காற்று மோட்டாரின் குழாய் உள்ளே போக மட்டும் ஓர் இடைவெளி போதும். பாலிஷ் துளி ஒன்றுகூடத் தண்ணீரில் விழக் கூடாது.

முதலில் தூசியைக் கழுவ வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். பழைய பனியன் துணியை அதில் நனைத்து, அழுத்தாமல், மேலிருந்து கீழாக வழித்து எடுக்க வேண்டும். துணியைத் திருப்பித் திருப்பிப் புதுப்பக்கத்தால் துடைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீர்.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. மங்கிய இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பார்த்தால், நனைந்திருக்கும் வரை மங்கல் காணாமல் போகிறதா? போகிறது என்றால், மங்கல் மிக மெல்லியது. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பாலிஷ் கிரீமே போதும். அது கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளை டூத் பேஸ்ட்டைப் பயன்படுத்தலாம், ஜெல் வேண்டாம். ஈரப் பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் சின்னச் சின்ன வட்டமாக மூன்று, நான்கு நிமிடம் தேய்த்துக் கழுவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றால் அரை மணி நேரம் பேஸ்ட்டோடு போராட வேண்டாம். அது பேஸ்ட்டால் ஆகிற காரியம் அல்ல.

நகம் மாட்டும் கீறலுக்கு 'வாட்டர் பேப்பர்' வேண்டும். கார் பெயின்ட் கடைகளிலும், ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். தாளின் பின்பக்கம் எண் இருக்கும். எண் கூடக் கூட தாள் நைசாக இருக்கும். 600, 800, 1000, 1500, 2000 என்று ஆளுக்கு ஒன்று வாங்கினால் போதும். தாள் என்ன பெரிய விலையா?

கீறலை எதையாவது வைத்து நிரப்பி மறைக்க முடியாது. அது வயலில் விழுந்த சால் மாதிரி. சாலை மூட வேண்டுமானால் சுற்றியிருக்கிற மண்ணையும் சேர்த்துச் சமன் செய்தாக வேண்டும். கீறல் இருக்கும் கோட்டை மட்டும் குடைந்தால் அந்த இடம் குழியாகி, அதன் வழியே பார்த்தால் மீன் நெளிந்து தெரியும். எனவே, கீறலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்காவது சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

தாளை ஒரு தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்வது நல்லது. வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்தும் இடத்தில் பள்ளம் விழும். தாளை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, தகட்டையும் நனைத்து, 800 எண்ணில் ஆரம்பிக்கலாம். கீறல் மிக ஆழம் என்றால் மட்டும் 600. எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த தேய்ப்பு சூட்டைக் கிளப்பும். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகிவிடும் பொருள். ஈரத்தில் தேய்த்தால் பொடி பறந்து மூக்கில் ஏறாது என்பதும் ஒரு வசதி.

முதல் தாளை நெடுக்காக மட்டும் ஓட்ட வேண்டும். பழைய கீறல் மறைந்து, அந்த இடம் முழுவதும் ஒரே மாதிரி வெள்ளையாகும் வரை ஓட்ட வேண்டும். அப்போது பலருக்கும் வயிற்றைக் கலக்கும். 'ஐயோ, இருந்ததையும் கெடுத்துவிட்டோமே' என்று தோன்றும். அப்படித்தான் இருக்கும். நன்றாகக் கழுவிவிட்டு, அடுத்த 1000 எண் தாளைக் குறுக்காக ஓட்ட வேண்டும். நெடுக்கு உழவு முடித்துக் குறுக்கு உழவு ஓட்டுவதுபோலத்தான். முந்தைய தாளின் நெடுக்குக் கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் மறைந்தால் அந்த எண் முடிந்தது என்று அர்த்தம். ஒரே திசையில் எல்லாத் தாள்களையும் ஓட்டினால் பழைய கோடு போனதா, புதுக்கோடு வந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிறகு 1500 நெடுக்கு, 2000 குறுக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளங்கை அகல இடத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும்.

எண் மாறும்போது தண்ணீரையும் துணியையும் மாற்றுவதில் பலரும் சோம்பல் படுகிறார்கள். 800 தாளிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் வாளியில் கிடந்தால், 2000 ஓட்டும்போது அது வந்து உட்காரும். முக்கால் மணி நேர வேலை வீண். தாளைத் தாண்டிக் குதிப்பதும் கூடாது. 800 முடித்துவிட்டு நேராக 2000 போட்டால், ஆழக்கோடு அப்படியே இருக்க, அதன் மேல் மட்டும் வழவழப்பு ஏறும். பாலிஷ் போட்ட பிறகுதான் அது பல்லை இளிக்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

2000 முடிந்ததும் தகடு பனி மூடியதுபோல் இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் பாலிஷ் கிரீமைப் பனியன் துணியில் எடுத்துத் தேய்க்கத் தேய்க்க, பனி விலகி அந்தப் பக்கம் மீன் தெரிய ஆரம்பிக்கும். பாலிஷ் சக்கரம் மாட்டிய டிரில் மெஷின் வீட்டில் இருந்தாலும், முதல்முறை செய்பவர்கள் கையாலேயே செய்வது நல்லது. மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் அக்ரிலிக் இளகி அலை அலையாகிவிடும். அதை எந்தத் தாளும் திருப்பிக் கொண்டுவராது. பெரிய பரப்பு முழுவதும் மங்கியிருந்தால், கடைப் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கேட்கலாம். அக்ரிலிக் தகடு வெட்டி ஒட்டுவதும் பாலிஷ் போடுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை.

வாசகியின் அண்ணன் செராமிக் கூடத்திலேயே இருப்பதால், அலுமினா பொடி கொண்டுவரும் யோசனை அவருக்கு வந்திருக்கலாம். பாலிஷ் கிரீம்கள் பலவற்றிலும் அலுமினாதான் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால், அது ஒரே அளவில் சலித்தெடுத்த மிக நுண்ணிய பொடி. கூடத்தில் மாவோடு கலக்க வைத்திருக்கும் பொடியில் பெரிய துகள் ஒன்று இருந்தாலும் போதும், தொட்டியில் புதுச் சால் விழுந்துவிடும். அதேபோல் களிமண் பொடி, செங்கல் தூள், சாம்பல், பல்பொடி, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் ஆகாது.

உள்பக்கம்: எல்லாக் கோட்டையும் எடுக்க வேண்டியதில்லை

உள்பக்கக் கீறலுக்கு மட்டும் தண்ணீரே பாதி வைத்தியம் செய்துவிடுகிறது. காற்றுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே ஒளி அதிகமாக வளைகிறது; அதனால் கீறல் பளிச்சென்று தெரியும். தண்ணீருக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே அந்த வளைவு குறைவு. ஒளிவிலகல் எண்ணில் சொன்னால், காற்று 1, தண்ணீர் 1.33, அக்ரிலிக் 1.49. அதனால், காலித் தொட்டியில் கண்ணை உறுத்தும் மெல்லிய கோடுகள், தண்ணீர் நிறைந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். வெளிப்பக்கத்தை முதலில் சரிசெய்து, தண்ணீர் நிறைந்த தொட்டியை நான்கடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் உறுத்தினால் மட்டும் உள்பக்கத்தில் கை வைத்தால் போதும். மீன் வாங்க வருபவர் மூக்கைத் தொட்டியில் ஒட்டிக்கொண்டு பார்க்கப் போவதில்லை.

உள்ளே கை வைப்பது என்று முடிவாகிவிட்டால், மீன்களுக்கு மாற்றிடம்தான் முதல் வேலை. முதல் நாள் இரை போட வேண்டாம். பெரிய டப்பில் அதே தொட்டித் தண்ணீரைப் பாதிக்கு மேல் நிரப்பி, காற்று மோட்டாரைப் போட்டு, மீன்களை அதில் விட வேண்டும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் அதே டப்பில் மூழ்க வைக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். 'தொட்டியைக் கழுவுகிறோம், ஃபில்டரையும் சேர்த்துக் கழுவிவிடலாம்' என்று குழாயடியில் அலசி வெயிலில் காயவைத்துவிடுவார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது. அது காய்ந்தால் பாக்டீரியாவும் செத்துவிடும். தொட்டி பளபளக்கும், நான்கைந்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே மிதக்கும். வீட்டார் பாலிஷைத் திட்டுவார்கள்.

தொட்டியை நகர்த்துவதாக இருந்தால் முழுக்கக் காலி செய்த பிறகே நகர்த்த வேண்டும். உள்ளே தேய்க்கும் முறை வெளியே சொன்னதேதான். ஆனால், பேஸ்ட், பாலிஷ் கிரீம், சோப்பு எதுவும் உள்ளே வேண்டாம். வாட்டர் பேப்பர் 2000 வரை போய், 3000 கிடைத்தால் அதையும் ஓட்டி நிறுத்திக்கொள்ளலாம். மீதி மங்கலைத் தண்ணீர் மறைத்துக்கொள்ளும். தகடுகள் ஒட்டியிருக்கும் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே தேய்க்க வேண்டும். முடிந்ததும் ஐந்தாறு முறை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு நிரப்பி, ஒருநாள் முழுக்கச் சும்மா வைத்து, ஓரங்களில் உலர்ந்த காகிதத்தை ஒற்றிக் கசிவு பார்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாவதாக நிரப்பும்போது டப்பில் இருந்த பழைய தண்ணீரையும், ஒருநாள் முன்பே பிடித்துக் காற்று விட்டு வைத்த புதுத் தண்ணீரையும் கலந்து ஊற்றி, ஃபில்டரை மாட்டிவிட்டு மீன்களை விடலாம்.

பெரிய காட்சியகங்களில் ஆட்கள் முக்குளித்து, தண்ணீருக்கு அடியிலேயே அக்ரிலிக் சுவரைப் பாலிஷ் செய்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் 2002-ல் திறக்கப்பட்ட சுராவுமி காட்சியகத்தின் அக்ரிலிக் சுவர் 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் கனம். அதையெல்லாம் காலி செய்து கழுவ முடியாது. அதைப் பார்த்துவிட்டு, மீன் இருக்கும்போதே சாதாரண வாட்டர் பேப்பரைத் தொட்டிக்குள் விட வேண்டாம். தாளிலிருந்து உதிரும் துகளும் பசையும் மீனின் செவுளுக்குப் போகும்.

இவற்றைத் தொடவே கூடாது

தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் நீக்கும் திரவம், சானிடைசர் ஆகியவை அக்ரிலிக்குக்கு விஷம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களும் அதே ரகம். தடவியதும் சுத்தமானதுபோல் தெரியும். பிறகு தகட்டுக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள் கிளம்பும். தண்ணீரின் அழுத்தம் தாங்கி நிற்கும் தகட்டில் இது சீக்கிரமே நடக்கும். கீறலைத் தேய்த்து எடுக்கலாம். இந்த வெடிப்பை எடுக்க முடியாது. கேஸ் தீயைக் காட்டி வழவழப்பாக்குவது தகட்டின் விளிம்புக்குச் செய்கிற வேலை. தொட்டியின் முகப்பில் அதைச் செய்தால் தகடு உள்ளுக்குள் இறுகி, பின்னால் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைவது உண்மை. மறுநாள் அதில் ஒட்டும் செராமிக் தூசியைத் துடைக்கும்போது, அடுத்த கீறலும் உண்மை.

இனி கீறல் விழாமல் இருக்க, தூசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே துணி பட வேண்டும். உள்ளே பாசிக்கு மிருதுவான ஸ்பாஞ்சு போதும். கெட்டியான பாசியைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம். மணல் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயே கை நிற்க வேண்டும். திண்ணையில் நேர்வெயில் படுகிறது என்றால் ஒரு சாக்குத் திரை போட்டாலே பாசி பாதி குறைந்துவிடும். பாசி தின்ன என்று சக்கர் மீனை வாங்கி விட்டு, அது பெரிதானதும் மணிமுத்தாற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது. தமிழகத்தின் பல நீர்நிலைகளில் அது பெருகி, நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

கேள்வி: ''எங்களிடம் இருப்பது கண்ணாடித் தொட்டி. அதில் விழுந்த கீறலையும் இதே முறையில் எடுக்கலாமா?''

- வாசகர், கடலூர் மாவட்டம்.

பதில்: முடியாது. வாட்டர் பேப்பரைக் கண்ணாடியில் ஓட்டினால் இருக்கும் தெளிவும் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவரக் கைவேலை போதாது. டூத் பேஸ்ட் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்கென்று இருப்பது சீரியம் ஆக்ஸைடு பொடி. மூக்குக் கண்ணாடி லென்ஸ் பாலிஷ் செய்யவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் பாலாடைபோல் குழைத்து, கம்பளித் துணி சுற்றிய சக்கரத்தால் நெடுநேரம் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மங்கும். நகம் மாட்டும் கீறல் என்றால், அந்த ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் மாற்றுவதே குறைந்த செலவு. கீறல் விழுந்த கண்ணாடி அந்தக் கோட்டிலேயே உடையக்கூடியது என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணாடி வெட்டுபவர் கோடு கீறித்தானே உடைக்கிறார்?

கேள்வி: ''வண்ண மீன் வளர்ப்பைப் புதிதாகத் தொடங்குகிறோம். அக்ரிலிக் தொட்டி வாங்கலாமா? மானியம் உண்டா?''

- மகளிர் குழு ஒன்று, விருத்தாசலம் வட்டம்.

பதில்: வளர்ப்புக்கு அக்ரிலிக் தேவையில்லை. குஞ்சு வளர்வதற்கு மீன் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒன்றும் இல்லை. சிமென்ட் தொட்டியும், இனப்பெருக்கத்துக்குச் சில கண்ணாடித் தொட்டிகளும் போதும். வாங்குபவர் பார்க்க ஒரே ஒரு தொட்டி தெளிவாக இருந்தால் சரி. அதைக் கண்காட்சி, சந்தை என்று அடிக்கடி தூக்கிப் போவதாக இருந்தால் அக்ரிலிக்குக்குச் செலவு செய்யலாம். அதே அளவு, அதே கனமுள்ள கண்ணாடியில் பாதி எடைதான் இருக்கும், தட்டினால் சட்டென்று உடையாது. ஓரிடத்திலேயே இருக்கும் தொட்டி என்றால் கண்ணாடியே மேல். பழைய அக்ரிலிக் தொட்டி மலிவாகக் கிடைத்தால், கீறலைப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால், ஓரங்களில் வலைபோல் வெடிப்பு தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா திட்டத்தில், வீட்டுப் புறக்கடை வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் என்று செலவு நிர்ணயித்திருக்கிறார்கள். பொதுப்பிரிவினருக்கு அதில் 40 சதவிகிதமும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவிகிதமும் மானியம். அதாவது பெண்களுக்கு 1.8 லட்சம் ரூபாய் வரை. இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதைக் கடலூரிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தொட்டி கட்டும் வேலையைத் தொடங்கலாம்.